காரணம்: ஆப்ஜெக்ட்

வல்லம் வடகாலில் கார் சீட் செய்யும் கம்பெனி ஒன்றில் கலைமதிக்கு சாஃப்ட்வேர் உத்தியோகம். பேருக்குத்தான் அது. பிரின்டரில் பேப்பர் சிக்கினாலும் கேன்டீன் டிவியில் படம் வராவிட்டாலும் "மேடம் கீறாங்களா?" என்று தேடிக்கொண்டு வருவார்கள். பிள்ளைப்பாக்கத்திலிருந்து லாரிகளுக்கு நடுவே ஸ்கூட்டி ஓட்டி வந்து இறங்கும்போதே பாதி உயிர் போயிருக்கும். மீதியைக் கம்பெனி எடுத்துக்கொள்ளும்.

லைனில் மெஷின் நின்றால் திரையில் ஒரு செய்தி வரும். முன்பெல்லாம் எழுத்தும் எண்ணுமாக ஒரு பக்கத்துக்கு ஓடும், யாருக்கும் விளங்காது. "எல்லாரும் படிக்கிற மாதிரி தமிழ்ல ஒரே வரி போடும்மா. நாளைக்கே வேணும்" என்றார் புரொடக்‌ஷன் மேனேஜர் ஸ்ரீதர். அவருக்கு எல்லாமே நாளைக்கே வேண்டும்.

மெஷின் நிற்கும் நொடியில் புரோகிராம் ஒரு மூட்டை கட்டும். லைனில் எந்த ஸ்டேஷன், அங்கே வேலையில் இருந்தவர் யார், எதனால் நின்றது, எல்லாம் அதற்குள் இருக்கும். அதைப் பிரித்து வாக்கியமாக்குவதுதான் கலைமதியின் வேலை. ஸ்டேஷன் எண்ணும் ஆளின் பேரும் வெறும் சொற்கள், அப்படியே திரைக்கு வந்துவிடும். காரணம் மட்டும் மூட்டைக்குள் இன்னொரு மூட்டை. அதையும் பிரி என்று சொல்லாவிட்டால் கம்ப்யூட்டர் "ஆப்ஜெக்ட்", அதாவது ஏதோ ஒரு மூட்டை, என்று எழுதிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். கலைமதி அவசரத்தில் சொல்லாமல் விட்டாள். காரணத்தின் இடத்தில் "சோதனை" என்று தானே ஒரு சொல்லைத் தட்டிப் பார்த்தாள். அது வெறும் சொல் என்பதால் அழகாக வந்தது. வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டாள்.

அன்றிலிருந்து பகல் ஷிஃப்டில் நாலாம் ஸ்டேஷன் நின்றபோதெல்லாம் திரை இப்படிச் சொன்னது: "ஸ்டேஷன் 4 நின்றது. காரணம்: ஆப்ஜெக்ட். ஆபரேட்டர்: இசக்கிபாண்டி." அடுத்த ஷிஃப்டில் வேறு பேர் வந்தது. ஆனால் அந்த ஆள் பர்மனென்ட், அவரை யார் கேட்பது? இசக்கிபாண்டி தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த கான்ட்ராக்ட் ஆள்.

ஒரு மத்தியானம் ஸ்ரீதர் அறையில் பிரின்டரைக் குடைந்துகொண்டிருந்தாள் கலைமதி. இசக்கிபாண்டி தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு உள்ளே வந்து நின்றான்.

"எப்போ நின்னாலும் உன் பேருதான்டா வருது. இந்த வாரம் கான்ட்ராக்ட் முடியுதில்ல? அதோட கெளம்பிக்க" என்றார் ஸ்ரீதர்.

கலைமதி நிமிர்ந்து அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். அந்த வரியைப் படித்ததும் பிரின்டரை விட்டுவிட்டு எழுந்தாள்.

"இருங்க சார். இது என் தப்பு."

"இன்னாமா சொல்ற?"

"காரணமே வரல சார். சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிடறேன்."

உட்கார்ந்தாள். உள்மூட்டையைப் பிரிக்கச் சொன்னாள். அதற்குள் சென்சார் இருந்தது. சென்சாருக்குள் அது எந்த மெஷினுடையது என்ற விவரம், மெஷினுக்குள் மறுபடி அதே சென்சார். புரோகிராம் சுற்றிச் சுற்றிச் செத்து விழுந்தது. அவளுக்கு அழுகை வந்தது, அழக்கூடத் தெம்பில்லை. ஒருமுறை பார்த்ததை மறுபடி பிரிக்காதே என்று எழுதினாள். மெஷின் நின்ற பழைய பதிவுகளை எல்லாம் திரும்ப ஓட்டினாள். ஒவ்வொன்றிலும் ஒரே வரி: "மெஷின் கதவு சென்சார் சிக்னல் விட்டு விட்டு வருகிறது."

ஸ்ரீதர் படித்தார். மெயின்டெனன்ஸுக்குப் போன் போட்டார். ஒயர் கழன்று தொங்குகிறது என்று பதில் வந்தது. "சரி, அவன் இருக்கட்டும்" என்றவர், திரையை மறுபடி உற்றுப் பார்த்தார். "ஆபரேட்டர் பேர் எங்கம்மா?"

"எடுத்துட்டேன் சார்."

"எவனாவது ஒருத்தன் பதில் சொல்லணும்ல?"

"அதான் சென்சார் சொல்லுதே சார்" என்றாள். சண்டை போடும் குரலில் இல்லை, அவ்வளவு களைப்பு. ஸ்ரீதர் அடுத்த ஃபைலை இழுத்துக்கொண்டார்.

இசக்கிபாண்டி கைகழுவும் குழாய்ப் பக்கம் நின்றிருந்தான். "சென்சார் ஒயருதான்பா லூஸு. உன் மேல ஒண்ணுமில்ல. கான்ட்ராக்ட் போட்டுடுவாங்க" என்றாள். துள்ளிக் குதிப்பான் என்று நினைத்தாள். அவன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அப்ப நெசமாவே நான் ஒண்ணும் பண்ணலியாக்கா? பேரு வந்துகிட்டே இருந்துச்சா, என் கைதான் எங்கயோ படுதுன்னு நெனச்சேன். கனவுல கூட கையப் பின்னால கட்டிக்கிட்டுத்தான் நிக்கேன்."

"உன் கை இல்லப்பா. தப்பு என்னுது. அந்த வரிய எழுதுனது நான்தான்" என்றாள் கலைமதி.

அவன் அவளை நம்பாமல் பார்த்தான்.

"ஒங்க பேரு ஒருநாளும் வரலியேக்கா" என்றான்.