கடைசிப் பக்கத்து ஊதா எழுத்து

ஊதாப் பென்சிலின் முனையை நாக்கில் தொட்டால் முதலில் ஒன்றும் தெரியாது, சற்றுக் கழித்துத்தான் வேப்பங்கொழுந்தைக் கடித்ததுபோல நடுநாக்கில் ஒரு கசப்பு இறங்கும், கண்ணாடியில் பார்த்தால் நாக்கு மைப்புட்டியில் முக்கி எடுத்த மாதிரி இருக்கும். அன்று முழுவதும் வாயைத் திறக்காமல் இருந்துவிட வேண்டும். அப்பா செங்கோட்டை ரோட்டில் ஒரு மரக்கடையில் வேலை பார்த்தார், மலையிலிருந்து வரும் தடிகளுக்கு நம்பர் போட அந்தப் பென்சிலைத்தான் வைத்திருப்பார். ஈரம் பட்டால் ஊதாவாகிவிடும், எந்த ரப்பருக்கும் அசையாது. அவர் தேய்த்துப் போட்ட துண்டு ஒன்றை எடுத்து அடுக்களையில் பயற்று டப்பாவுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தேன். அதை வைத்து நான் செய்த காரியத்துக்காக, ஐம்பதுகளின் கடைசியில், ஒரு சாரல் காலம் முழுவதும் பயந்து பயந்து நடமாடினேன்.

தென்காசியில் கோயில் வாசலுக்குப் பக்கத்தில் வாடகைக்கு நாவல் கொடுக்கும் நூல்நிலையம் ஒன்று இருந்தது. பொம்பளைகள் அங்கே ஏற மாட்டார்கள், ஆள் மூலமாகத்தான் வாங்குவார்கள். அம்மா பேரில் வாரம் ஒரு புத்தகம் வரும். எங்கள் வீட்டில் ஆரம்பித்து நாலு வீடு சுற்றிவிட்டு எங்கள் வீட்டுக்கே திரும்பி, அங்கிருந்து நூல்நிலையத்துக்குப் போகும். கையில் கிடைத்ததும் எல்லோரும் முதலில் புரட்டுவது கடைசியில் விட்டிருக்கும் வெள்ளைத்தாளைத்தான். படித்தவர்கள் அங்கே பேர் போடாமல் அபிப்பிராயம் எழுதி வைப்பார்கள். "பிரமாதம்", "மிகவும் அழுதேன்" என்றே பெரும்பாலும் இருக்கும், அதனால் எவளுக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை. அடுப்பு வேலைக்கு நடுவே அரைமணி நேரம் கிடைக்கிறவளுக்கு அதை எந்தப் புத்தகத்தில் போடலாம் என்று தெரிய வேண்டும். நான் அதை எழுதினேன். "முதல் ஐம்பது பக்கம் தள்ளிவிட்டுப் படிக்கலாம்." "கதாநாயகி கிணற்றில் விழுகிறாள், விழ ஒரு காரணமும் இல்லை." "கொலைகாரன் யார் என்று பாதியிலேயே தெரிந்துவிடும், ஆனாலும் படிக்கலாம்." தெருவில் அதற்கு "ஊதா எழுத்து" என்று பேர் வைத்துவிட்டார்கள். ஊதா எழுத்து வேண்டாம் என்றால் அந்தப் புத்தகம் எங்கள் தெருவில் இரண்டாம் வீட்டைத் தாண்டாது.

எழுதுகிறவள் எட்டாம் வகுப்புப் பிள்ளை என்று யாரும் வெளியே சொல்லிக்கொள்ளவில்லை. அம்மா படிக்கலாம், நான் தொடக் கூடாது; எல்லோரும் தூங்கிய பிறகு திருட்டுத்தனமாகத்தான் படித்தேன். பொட்டைப்பிள்ளை கதைப் புஸ்தகத்தைத் தொட்டால் மறுநாள் பள்ளிக்கூடம் கிடையாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். வெறும் மிரட்டல் என்று நினைக்க வழியில்லை. பின்தெருச் செண்பகத்தின் பாவாடை மடிப்பில் ஒரு நாவல் இருந்ததைக் கண்டுபிடித்த மறுநாள் அவளுடைய புத்தகப் பை தம்பிக்குப் போய்விட்டது. அவள் அதற்கப்புறம் பள்ளிக்கூட வாசலைப் பார்க்கவே இல்லை. எழுத்துக் கூட்டத் தெரிந்த நாள்முதல் எனக்கு இருந்த ஒரே ஆசை எஸ்.எஸ்.எல்.சி. முடிக்க வேண்டும் என்பதுதான். அது அப்பாவின் ஒரு சொல்லில் போய்விடும்.

மூன்றாம் வீட்டுச் சொர்ணம் அக்காவுக்கு எழுதுகிறவள் யார் என்று தெரியும். இரண்டு வயதுக் குழந்தையைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்திருந்தாள், அது போன பிறகுதான் நாவல் படிக்கவே ஆரம்பித்தாள். ஒருநாள் குழாயடியில் என் குடத்தைப் பிடித்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமலே, "ஏட்டி, அந்த ஊதா எழுத்து எழுதுதவ யாருன்னு எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். பிள்ள சாகுத கதைன்னா மட்டும் ஒரு வார்த்த போட்டிரச் சொல்லு" என்றாள். அன்றிலிருந்து அப்படிப்பட்ட கதை வந்தால் அதைத்தான் முதல் வரியாக எழுதுவேன்.

அந்தச் சாரல் காலத்தில் வெளியூர் நாவலாசிரியர் ஒருவர் குற்றாலத்தில் பங்களா எடுத்துத் தங்கியிருந்தார். நூல்நிலையத்துக்காரர் மாலை வாங்கி வைத்து அவரைக் கடைக்கு அழைத்து, ஊர்ப் பெரிய மனுஷர்கள் நாலு பேருக்கு முன்னால் அவர் எழுதிய புத்தகத்தையே கையில் கொடுத்தார். அவர் ஆசையாகக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். அங்கே நான் எழுதியிருந்தது இது: "கதாநாயகன் சித்திரை மாதம் ஐந்தருவியில் குளிக்கிறான். சித்திரையில் அங்கே பாறைதான் இருக்கும். இவர் குற்றாலத்துக்கு வந்ததில்லை. மற்றதும் இப்படித்தான் இருக்கிறது, பாதியில் வைத்துவிடலாம்." மனுஷர் மாலையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வண்டி ஏறிவிட்டாராம். எழுதின கையைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று நூல்நிலையத்துக்காரர் அன்றே கிளம்பிவிட்டார் என்று அம்மா வந்து சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை பகலில் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றேன். பயந்துகொண்டேதான் அன்று காலையிலும் வேறொரு புத்தகத்தில் எழுதியிருந்தேன், நாக்கின் ஊதா போக உப்பை அள்ளி நாக்கில் வைத்து எரிய எரியத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணாச்சி, இது மரக்கடப் பென்சிலுல்லா?" என்று அவர் பக்கத்தை விரித்துக் காட்டினார்.

அப்பா எழுத்தை விரலால் தேய்த்துப் பார்த்தார். "தென்காசியில எத்தன மரக்கட இருக்கு. இந்தப் பென்சில் எங்கிட்ட மட்டுந்தான் இருக்கோ?" என்று அனுப்பிவிட்டார். சாப்பிட உட்கார்ந்தபோது இலையைப் பார்த்துக்கொண்டே, "இனிம அதுல ஒரு எழுத்து விழுந்தா இந்த வீட்டுல புஸ்தகமும் கிடையாது, பள்ளிக்கூடமும் கிடையாது" என்றார். யாரிடம் என்று சொல்லவில்லை. சாயங்காலம் பென்சில் துண்டைக் கொண்டுபோய்ச் சிற்றாற்றில் எறிந்தேன்.

அடுத்து வந்த புத்தகத்தில் நூற்று எண்பதாம் பக்கத்தில் ஒரு குழந்தை காய்ச்சலில் சாகிறது. மடியில் கிடந்து, தண்ணீர் கேட்டு, நாலு பக்கத்துக்குச் சாகிறது. அம்மா அதைப் பாதிகூடப் படிக்கவில்லை, வழக்கம்போல அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். கடைசித் தாளில் நான் ஒன்றும் எழுதவில்லை. வாயால் சொல்லிவிடலாம் என்று சொர்ணம் அக்கா வாசல்வரை போனேன். உள்ளே அவள் மாமியாரும் நூல்நிலையத்துக்காரரின் தங்கையும் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்கள். என்ன வேண்டும் என்று மாமியார் கேட்டாள். பாலுக்கு ஊற்ற உறைமோர் வேண்டும் என்றேன். உறைமோரை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். பிள்ளை என்றோ பயம் என்றோ அதற்கு நான் சமாதானம் சொல்லப்போவதில்லை. அவளைக் கைவிட்டுத்தான் நான் பள்ளிக்கூடம் போனேன்.

புத்தகம் அவள் வீட்டுக்குப் போன மறுநாள் அவள் குழாயடிக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. சாப்பிடவில்லையாம், சுவரைப் பார்த்துப் படுத்தே கிடக்கிறாளாம் என்று அம்மா சொன்னாள். பின்தெருக் கிணற்றில் வாளி விழுகிற சத்தம் கேட்டாலும் அவள்தான் விழுந்துவிட்டாளோ என்று ஓடிப்போய் எட்டிப் பார்ப்பேன். மூன்று நாள் அப்படி இருந்தேன்.

நாலாம் நாள் புத்தகம் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தது. கடைசிப் பக்கத்தில் நீல மையில், கோணல்மாணலான பெரிய எழுத்தில் இப்படி இருந்தது: "இதில் பிள்ளை சாகுது. 180ஆம் பக்கம். பிள்ளையைப் பறிகுடுத்தவங்க அந்த நாலு பக்கத்தைத் தள்ளிப் படிக்கவும். மத்தபடி கதை நல்ல கதை." கீழே தன் பேரையும், புருஷன் பேரையும், வீட்டு இலக்கத்தையும் எழுதியிருந்தாள். அந்த நூல்நிலையத்தில் பேர் போட்டு எழுதிய முதல் ஆள் அவள்தான். நூல்நிலையத்துக்காரர் அதைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை அடுக்கில் வைத்துவிட்டார்.

குழாயடியில் அவளைப் பார்த்ததும் என் குடத்தை அவள் குடத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன். அவள் குடத்தைக் கழுவிக்கொண்டே, "நீ எழுதிருந்தாலும் படிச்சிருப்பேன் ட்டி. தெரிஞ்சு படிச்சிருப்பேன், அவ்வளவுதான்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தேன், அதற்கு மேலும் படித்தேன். நூல்நிலையம் இருந்த இடத்தில் இன்று செல்போன் கடை இருக்கிறது, சொர்ணம் அக்காவின் வீடு இரண்டு கைமாறி மாடிவீடாகிவிட்டது. நாவல்கள் முன்னைவிடப் பளபளப்பாக வருகின்றன. எல்லோரும் எல்லாவற்றையும் அருமை என்கிறார்கள். எழுதியவன் கோபித்துக்கொள்வானே என்ற பயம்தான், வேறென்ன. எவளோ ஒருத்தி ஒரு நூற்று எண்பதாம் பக்கத்தில் தெரியாமல் போய் விழுவாளே என்று பயப்பட ஆளைக் காணோம். ஒரு நாவலைக் கொடுத்து என்னிடம் அபிப்பிராயம் கேட்டால் இன்றும் எனக்கு அதே பயம் வருகிறது, ஆனாலும் உள்ளதை எழுதிப் பேரையும் போட்டுவிடுகிறேன். புத்தகத்திலேயே எழுதலாம் என்று கடைசிப் பக்கத்தைத் திருப்பினால், அங்கே அடுத்த நாவலுக்கு விளம்பரம் அச்சடித்திருக்கிறார்கள். எழுத இடமே விடவில்லை.