நாற்பத்தேழாவது நிமிடத்தில் ஒரு காலி இலை

படித்துவிட்டு "அடிச்சு விடுறான்" என்பீர்கள். கல்லூரி மலரில் விடுதிச் சாம்பாரைப் பற்றி நான் எழுதியதில் பாதி பொய் என்பது உண்மை. இது அப்படி இல்லை. தேதி, மணி எல்லாம் குறித்து வைத்திருக்கிறேன். பேய்க்கு நள்ளிரவில்தான் டியூட்டி என்று நம்பி, பட்டப்பகலில் தைரியமாகத் திரிகிறவர்கள் மட்டும் மேலே படிக்கவும்.

போன நவம்பர் 18. மதியம் 3:10. பூதலூர் பக்கம் எங்கள் ஊர். விடாத மழையில் நடவு வயல் தண்ணீர் ரோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. எதிர்வீட்டு அமலோற்பவம் டீச்சர் கூப்பிட்டார். நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் ஆண்டு. ஊரில் அதற்கு அர்த்தம், மிக்ஸி முதல் போர் மோட்டார் வரை பார்ப்பான் என்பது.

"லியோ, இந்த டிவிடி ஓட மாட்டேங்குதுப்பா. நாளைக்கு அவருக்கு மொத வருஷப் பூசை. நினைவு கார்டுல போட, அவரு சிரிக்கிற மாதிரி ஒரு படம் வேணும்."

அவர் என்றால் மரியஅந்தோணி சார். டீச்சரின் கணவர். சார் சிரித்து எடுத்த போட்டோ உலகத்திலேயே கிடையாது. எல்லாவற்றிலும் ஆதார் கார்டு முகம். அவர் சிரித்துக் கேமராவில் மாட்டியது ஒரே இடத்தில். பதினாலு வருடத்துக்கு முந்தி, அவர் தங்கை மகள் கல்யாணத்தில், பந்தியில். அந்த டிவிடிதான் இது. சாயங்காலம் ஐந்து மணிக்குள் படம் கொடுத்தால்தான் கார்டு அச்சாகும்.

டிஸ்க்கை நீட்டினார். கட்டைவிரலில் பிளாஸ்திரி. டிஸ்க் வழுக்கியது.

"என்ன டீச்சர் தடவுனீங்க?"

"வேளாங்கண்ணி எண்ணெய். கொஞ்சூண்டு."

"மாதா டிவிடியெல்லாம் ரிப்பேர் பாக்குறதில்ல டீச்சர்."

"வாய மூடிட்டு வேலையப் பாரு."

சோப்புத் தண்ணீரில் கழுவினேன். நடுவிலிருந்து விளிம்புக்கு மெல்லத் துடைத்தேன். டீச்சர் வீட்டில் இருந்தது பழைய கம்ப்யூட்டர், டிரே திறக்கவில்லை. ஓட்டையில் ஊக்கை விட்டுக் குத்தியதும் பொக்கை வாய் மாதிரி வெளியே வந்தது.

3:34. படம் ஓடியது. பந்திக்குத் தள்ளினேன். மேளச் சத்தம். வரிசையாக வாழை இலைகள். சார் வாசல் பக்கம் பார்த்துச் சிரிக்க வாய் திறந்தார்...

க்ர்ர்ர்... க்ர்ர்ர்...

சிக்கிக்கொண்டது. 47 நிமிடம் 12 வினாடி. முகம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றது. அவர் பக்கத்தில் ஒரு காலி இலை.

"அது என் எலை," என்றார் டீச்சர். "நாத்தனாரோட சண்டை. இங்க கை நனைக்க மாட்டேன்னு கெளம்பி வந்துட்டேன். இவரு எனக்கு எடம் போட்டு வச்சிருக்காரு. வாசல்ல யாரையோ பாத்து நான்தான்னு நெனச்சுச் சிரிச்சாராம். சாகுற வரைக்கும் சொல்லிக் காட்டுனாரு."

வேறு பிளேயரில் போட்டேன். கம்ப்யூட்டருக்குள் காப்பி செய்து பார்த்தேன். 61 சதவீதத்தில் நின்றது.

3:58. மறுபடி ஓட்டினேன். அதே 47:12. அதே க்ர்ர்ர்.

ஆனால் காலி இலையில் உப்பு இருந்தது. ஊறுகாய் இருந்தது. கூட்டு இருந்தது.

முதலில் நான் சரியாகப் பார்க்கவில்லை போல. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

4:10. டிஸ்க்கை எடுத்து இன்னொரு முறை கழுவினேன்.

4:22. 47:12. க்ர்ர்ர்.

இலையில் சோறு. படம் அசையாமல் நிற்கிறது. சோற்றிலிருந்து ஆவி மட்டும் மேலே போகிறது...

சாரின் முகம் இப்போது தெளிவாக இருந்தது. நல்ல சிரிப்பு. ஆனால் அவர் வாசலைப் பார்க்கவில்லை. கேமராவைப் பார்த்தார். என்னை அல்ல. என் தோளுக்குப் பின்னால்.

பின்னால் ஊதாச் சேலையில் டீச்சர் நின்றுகொண்டிருந்தார்.

"இன்னும் சாப்புடாம ஒக்காந்திருக்காரு பாரு..."

திரையில் நின்ற படத்தை அப்படியே பிடித்துப் பென் டிரைவில் போட்டேன். டிஸ்க்கை எடுக்க டிரேயைத் திறந்தேன்.

காலி.

டிஸ்க் மேசையில் இருந்தது. துணி மேல். ஈரம்கூடக் காயவில்லை. கழுவிய பிறகு நான் அதைப் போடவே இல்லை.

திரையில் மேளம் ஒலித்துக்கொண்டிருந்தது.

இந்தப் பிழைக்கு எங்கள் பாடத்தில் எண் கிடையாது.

"நீ கெளம்பு. கடைய சாத்திடப் போறான்."

"நீங்க டீச்சர்?"

"நான் கொஞ்ச நேரம் பாக்குறேன்."

டிரே காலி என்று அவரிடம் சொல்லவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

4:58. திருக்காட்டுப்பள்ளி. கார்டு கடை பரிதி அண்ணன் படத்தைப் பெரிதாக்கினார்.

"பக்கத்துல இருக்குற அம்மாவ வெட்டிடவா, வச்சுக்கவா?"

"பக்கத்துல யாரும் இல்லண்ணே. வெறும் எலைதான்."

"கண்ணு தெரியலயா ஒனக்கு?"

பார்த்தேன்.

ஊதாச் சேலை. நரைத்த தலை.

கட்டைவிரலில் பிளாஸ்திரி.

5:21. திரும்பி வந்தேன். கதவு திறந்திருந்தது. கம்ப்யூட்டர் அணைந்திருந்தது.

"டீச்சர்..."

நாற்காலியில் இருந்தார். தலை சாய்ந்திருந்தது.

மூச்சு இல்லை.

வலது கை ஈரம். விரலிடுக்கில் ஒரு பருக்கை.

அன்று டீச்சர் ஒருசந்தி விரதம். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்தான். வீட்டில் அடுப்பே பற்ற வைக்கவில்லை.

மறுநாள் சென்னையிலிருந்து மகள் லின்சி அக்கா வந்தார். அடக்கம் முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நேத்து அம்மா யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாங்க?"

"எங்கயும் போகலக்கா. வீட்லதான் இருந்தாங்க."

போனைக் காட்டினார். அம்மாவிடமிருந்து வந்த அழைப்பு. 4:58. பன்னிரண்டு வினாடி.

"ஒரே மேளச் சத்தம். 'அப்பறம் பேசுறேன்டி, பந்தியில ஒக்காந்துட்டேன்'னாங்க."

"அவ்ளோதானாக்கா?"

அக்கா போனைக் கவிழ்த்து வைத்தார்.

"பக்கத்துல அப்பா சிரிச்சாரு."