மீதிய அப்பா சாயங்காலம் சொல்லுவாக

போன செவ்வாய்க்கிழமை கதவைத் தட்டியவர் கையில் அழைப்பிதழ்க் கட்டு இருந்தது. முன்வழுக்கை, வெள்ளைச் சட்டை, நல்ல மரியாதை. "நானும் உங்க செல்வியும் அஞ்சாங்கிளாஸ் ஒண்ணாப் படிச்சோம்மா" என்றார். அவர்களுடைய வாத்தியாருக்கு எண்பத்தைந்து வயது நிறைகிறதாம். அவரிடம் படித்தவர்கள் எல்லாம் சேர்ந்து அருப்புக்கோட்டையில் மண்டபம் பிடித்துப் பாராட்டு விழா நடத்தப்போகிறார்களாம். விழா மலரும் உண்டு. அதில் பெற்றோர் தரப்பிலிருந்து நான் நாலு வரி எழுதித் தரவேண்டும் என்று அழைப்பிதழை நீட்டினார். அதில் வாத்தியார் மாலையும் கழுத்துமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? காபி போட்டுக் கொடுத்தேன். "எழுதித் தாரேன் தம்பி" என்று சொல்லி வாசல்வரை வந்து வழியனுப்பினேன். கதவைச் சாத்திய பிறகுதான் கோபம் வந்தது. என் கோபம் எப்போதுமே இப்படித்தான். வரவேண்டிய நேரத்தில் வராது. வந்தால், வரக்கூடாத ஆள்மேல் வரும்.

அழைப்பிதழ் அன்றைக்குத்தான் அச்சாகி வந்திருக்கவேண்டும், மை வாடை போகவில்லை. அந்த வாடைக்கு எனக்கு முதலில் ஞாபகம் வருவது புத்தகம் இல்லை, பஸ் டிக்கெட். என் வீட்டுக்காரர் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தார். தோல்பையைத் திறந்தால் சில்லறை வாடையும் புது டிக்கெட் கட்டின் மை வாடையும் கலந்து வரும். டிக்கெட் கிழித்துத் தீர்ந்த அடிக்கட்டைகளை வீட்டுக்குக் கொண்டுவருவார். எங்கள் பிள்ளைகளுக்கு அதுதான் பரிசு. எதற்குப் பரிசு என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

எண்பதுகளின் கடைசி அது. அருப்புக்கோட்டையில் ஓட்டு வீடு ஒன்றில் வாடகைக்கு இருந்தோம். நான் திருச்சுழியில் ஒரு அரசு அலுவலகத்தில் தட்டச்சு வேலை, தினமும் பஸ்ஸில் போய் வருவேன். செல்விக்குப் பத்து வயது, குமாருக்கு ஏழு. இரண்டும் கேள்வியாலேயே செய்த பிள்ளைகள். அவர்களுடைய அப்பாவோ விளையாட்டாலேயே செய்த ஆள். சோறு பரிமாறினால் வாயில் விரலை வைத்து விசிலடித்து "சாம்பாரு ஸ்டாப்பிங், இறங்குறவுக இறங்கிக்கலாம்" என்பார். நான் சிடுசிடுத்தால் இரண்டு விசில். இரண்டு விசில் என்றால் வண்டி நிற்காமல் போகலாம் என்று அர்த்தம். பக்கத்து வீட்டில் கேட்குமே என்று எனக்குத்தான் உயிர் போகும். எனக்கு அந்தக் காலத்தில் பக்கத்து வீட்டின் காதுகளைப் பற்றித்தான் பெரிய கவலை.

அவருக்கு டூட்டி என்றால் காலை ஆறரைக்குக் கிளம்பி மதுரை, காரியாபட்டி என்று ஓடி, எங்காவது பஸ்ஸோடு தங்கி, மறுநாள் சாயங்காலம்தான் வீடு வந்து சேருவார். கிளம்புகிற நேரம் பார்த்துப் பிள்ளைகள் வாசலில் கேள்வியோடு நிற்பார்கள். செருப்பை மாட்டிக்கொண்டே ஒரு பதில் சொல்வார். அது பொய்ப் பதில் என்று எல்லோருக்கும் தெரியும். மறுநாள் சாயங்காலம் அவர் திரும்புவதற்குள் சரியான பதிலைப் பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டால் டிக்கெட் கட்டை. கண்டுபிடிக்காவிட்டால் அவரே சொல்லிவிடுவார்.

ஆட்டின் கண்ணுக்குள் ஏன் கறுப்புக் கோடு படுக்கையாக இருக்கிறது என்று ஒருநாள் குமார் கேட்டான். ஆடு படுத்துக்கொண்டே மேய்வதற்காக என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் வந்து, தலை குனிந்து மேயும்போதும் இரண்டு பக்கமும் எது வருகிறது என்று தெரியவேண்டுமே, அதற்குத்தான் என்றார். ஊருக்கு வெளியே கருவேல விறகை அடுக்கி மண்ணால் மூடிக் கரிமூட்டம் போட்டிருப்பார்கள். மண்ணுக்குள்ளே எப்படி எரிகிறது என்று செல்வி கேட்டதற்கு, "கோவத்துல எரியுது தாயி, உங்க அம்மா மாதிரி" என்றார். அதற்கு மூன்று நாள் நான் அவரோடு பேசவில்லை. மூன்று நாளும் இரண்டு விசில்தான்.

எட்டாம் வகுப்போடு நின்றவருக்கு இந்தச் சரியான பதில்கள் எல்லாம் எங்கிருந்து வந்தன என்றால், பஸ்ஸிலிருந்து. ஏறுகிற காலேஜ் வாத்தியார், மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர், வேளாண்மை ஆபீசர் என்று ஆள் பார்த்துக் கேட்பார். கேட்டதை ஒரு துண்டுத்தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வருவார். தினம் ஏறுகிறவர்களே "இன்னைக்கு உங்க மக என்ன கேட்டா கண்டக்டரே?" என்று விசாரிப்பார்களாம்.

மழையே இல்லாத ஒரு வருஷம். பாலவனத்தம் பக்கம் கண்மாயெல்லாம் வெடித்துக் கிடந்தது. தெருக்குழாயில் குடம் வைத்துவிட்டு நான் ஆபீசுக்கு நேரமாகிறதே என்று எரிந்துகொண்டிருந்த ஒரு காலையில் செல்வி அப்பாவிடம் கேட்டாள், மதுரைப் பக்கமெல்லாம் மழை பெய்கிறதாமே, நம் ஊருக்கு மட்டும் ஏன் வரவில்லை என்று. அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "மேகம் மதுரையில ஏறுச்சு தாயி. காரியாபட்டி வரைக்கும்தான் டிக்கெட் எடுத்திருந்துச்சு. நான்தான் இறக்கிவிட்டேன்."

நான்கூடச் சிரித்துவிட்டேன். அதை ஏன் மறைக்கவேண்டும்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் பார்வையிட ஒரு அதிகாரி வந்திருக்கிறார். ஐந்தாம் வகுப்பில் நுழைந்தவர் பாடத்தை எல்லாம் விட்டுவிட்டு, உங்கள் ஊரில் ஏன் மழை குறைவு, யாராவது சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. வாத்தியார் முறைத்துப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் செல்வி எழுந்து மேகம் காரியாபட்டியில் இறங்கிய கதையைச் சொல்லியிருக்கிறாள். வகுப்பே சிரித்திருக்கிறது. அவள் அழவில்லை, உட்காரவும் இல்லை. "எனக்குப் பாதிதான் தெரியும் சார். மீதிய எங்க அப்பா சாயங்காலம் சொல்லுவாக" என்று சொல்லியிருக்கிறாள்.

அந்த அதிகாரி நல்ல மனுஷன். அவரும் சிரித்து, சரி, மறக்காமல் கேட்டு வைத்துக்கொள் என்று அவள் தலையைத் தொட்டுவிட்டுப் போனார். அவருடைய வண்டி வாசலைத் தாண்டியதும் வாத்தியார் பிரம்பை எடுத்தார். மீதியை உன் அப்பன் சொல்வான் என்றால் நான் இங்கே எதற்கு இருக்கிறேன் என்று கேட்டுக் கேட்டு அடித்தாராம். பிறகு மைதானத்தில் மணல்கூட இல்லாத சரளை மண்ணில் முட்டி போட வைத்தார். பன்னிரண்டு மணி வெயில். சாப்பாட்டு மணி அடித்தும் எழுந்திருக்க விடவில்லை. வேறு வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் தட்டோடு அவளைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

நான் ஆபீசிலிருந்து வந்தபோது செல்வி சுவரோரம் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். பாவாடையை முட்டிக்குக் கீழே இழுத்துப் பிடித்திருந்தாள். விழுந்துவிட்டேன் என்றாள். குமார்தான் "பொய்யி, அக்காவ முட்டி போட வச்சாக" என்று எல்லாவற்றையும் கொட்டினான். பாவாடையை விலக்கிப் பார்த்தேன். இரண்டு முட்டியும் கொப்புளம் கட்டி உடைந்து, உள்ளே பொடிக்கற்கள் பதிந்திருந்தன.

அந்த நேரத்தில்தான் அவர் வந்தார். தோல்பையைக்கூட இறக்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து, வெந்நீரில் துணி நனைத்து, ஒவ்வொரு கல்லாக எடுத்தார். ஒரு விளையாட்டுப் பேச்சு இல்லை. எடுத்து முடித்ததும் எழுந்து, "நான் அந்த ஆளப் பாத்துட்டு வாரேன்" என்றார்.

நான் வாசலை மறித்து நின்றேன். இந்தப் பள்ளியை விட்டால் அடுத்த பள்ளி தூரம், டிசியைக் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டால் நடு வருஷத்தில் எங்கே சேர்ப்பது, வாத்தியார் பெரிய இடத்துப் பழக்கம் உள்ளவர், என் வேலையோ இன்னும் நிரந்தரமாகவில்லை. இதையெல்லாம் சொல்லியிருக்கலாம். இதெல்லாம் பயம். பயம் என்று ஒத்துக்கொண்டிருந்தால் இவர் கேட்டிருப்பார். நான் சொன்னது வேறு.

"அவுக எங்க அடிச்சாக? நீங்கதான் அடிச்சீக. பொய்யச் சொல்லிச் சொல்லிப் புள்ளையக் கோமாளியாக்கி வெயில்ல முட்டி போட வச்சது நீங்கதான்."

அவர் வாசலிலிருந்து திரும்பினார். பிறகு பையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். காக்கிச் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார்.

மறுநாள் அவருக்கு ஓய்வு. அவர் தண்ணீர் பிடிக்கப் போயிருந்த நேரம் பார்த்து நான் செல்வியைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனேன். நியாயம் கேட்கப் போகிறேன் என்றுதான் நானே நினைத்துக்கொண்டு போனேன். வாத்தியார் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. என்ன என்பதுபோல் தலையைத் தூக்கினார். என் இரண்டு கையும் தானாகக் கூடிக்கொண்டன. "தப்புத்தான் சார். இனிமே பேசமாட்டா" என்றேன். உங்கள் வீட்டுக்காரரை விளையாட்டையெல்லாம் பஸ்ஸோடு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்றார் அவர். சரிங்க சார் என்றேன். செல்வியைப் பிடித்து அவர் முன்னால் தள்ளி, மன்னிப்புக் கேள் என்றேன். கேட்டாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், கோயம்புத்தூரில் செல்வியின் வீட்டுச் சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது இந்தப் பேச்சு வந்தது. முட்டி அப்போது ரொம்ப வலித்ததா என்று கேட்டேன். இத்தனை வருஷம் கழித்துக் கேட்கிற கேள்வியைப் பாருங்கள். அவள் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "முட்டி வலிச்சது ஞாபகம் இல்லம்மா. நீ அவரக் கும்பிட்டதுதான் ஞாபகம் இருக்கு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்கும்.

அந்தக் காலையில் பள்ளியிலிருந்து வந்து, வாத்தியார் சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் இவரிடம் ஒப்பித்தேன். சரி என்றார். அன்று அவருடைய காக்கிச் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் துண்டுத்தாள் இருந்தது. அவருடைய கோணல் எழுத்து. 'மலை மறிக்குது. தென்மேற்குக் காத்து மழையெல்லாம் மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிட்டு வெறுங்கையோட வருது. ஐப்பசிக் காத்தும் ஏமாத்தினா நமக்கு ஒண்ணுமில்ல. காரியாபட்டி ஆபீசர் சொன்னது.' படித்தேன். உள்ளே போய்க் கொடுத்திருக்கலாம். எனக்கு இருந்த ஆத்திரத்தில் அதைக் கசக்கி வெந்நீர் அடுப்பில் போட்டேன். இதை அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை. செல்வியிடமும் சொல்லவில்லை. அவள் அந்த மீதியைக் கேட்கவும் இல்லை.

அதற்குப் பிறகு வீட்டில் விசில் சத்தம் இல்லை. டிக்கெட் கட்டை வரவில்லை. நன்றாகத்தான் இருந்தோம், வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு. பிள்ளைகள் வாசலுக்குப் போவதை நிறுத்திக்கொண்டார்கள். ஒரே ஒரு நாள் குமார் மறந்துபோய் ஓடினான். ஓடுகிற பஸ்ஸுக்குள் பறக்கிற ஈ ஏன் பின்னால் போய் முட்டிக்கொள்வதில்லை என்று கேட்டான். அவர் செருப்பை மாட்டிக்கொண்டே வாயைத் திறந்தார். திறந்தவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். பள்ளிக்கூடப் பிள்ளை வெளியே போக வாத்தியார் முகத்தைப் பார்க்குமே, அந்தப் பார்வை. "சொல்லுங்க" என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது என் வாயில் வரவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன். அவர் போனார்.

சில வருஷம் கழித்து, தொண்ணூறுகளில், ஒரு சாயங்காலம் திருச்சுழியில் ஆபீஸ் விட்டு நரிக்குடியிலிருந்து வந்த பஸ்ஸில் ஏறினேன். நல்ல கூட்டம். முன்வாசல் வழியாக ஏறிப் பெண்கள் இருக்கையில் இடுக்கி உட்கார்ந்தேன். பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் அலை அலையாக வந்துகொண்டிருந்தது. கண்டக்டர் ஏதோ சொல்லச் சொல்ல மொத்த பஸ்ஸும் சிரித்தது. ஒரு கிழவர் தன் கோழிக்கு டிக்கெட் உண்டா என்று கேட்க, கோழி நின்றுகொண்டு வந்தால் உண்டு, மடியில் உட்கார்ந்தால் இல்லை என்று பதில் வந்தது. என் பக்கத்திலிருந்த பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்த மனுசன் வீட்டுல இருக்கவுக குடுத்து வச்சவுக" என்றாள்.

குரல் எனக்கு ஏறியவுடனே தெரிந்துவிட்டது. மாற்று டூட்டியில் அந்த வாரம் இந்த வழியில் போட்டிருக்கிறார்கள். என்னிடம் அவர் சொல்லியிருக்கவில்லை. எனக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. பஸ்ஸில் இருந்த ஒவ்வொருவர்மேலும் கோபம் வந்தது, அந்தக் கோழிமேல்கூட.

டிக்கெட் கேட்டுக்கொண்டே முன்னால் வந்தவர் என்னைப் பார்த்ததும் நின்றார். "வீட்டுக்குத்தான?" என்று மெதுவாகக் கேட்டார். தலையாட்டினேன். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுத் தன் இருக்கைக்குப் போனார். அவர் மறுபடி தொடங்கட்டும் என்று காத்திருந்தேன். திரும்பிப் பார்க்காமல், முதுகைக் காதாக்கிக்கொண்டு காத்திருந்தேன். பின்னாலிருந்து யாரோ, "என்ன கண்டக்டரே, சத்தத்தையே காணோம்?" என்று கேட்டார்கள். தொண்டை கட்டிவிட்டது என்றார். அருப்புக்கோட்டை வரும்வரை எஞ்சின் சத்தத்தைத் தவிர அந்த பஸ்ஸில் வேறு சத்தம் இல்லை.