நாற்பத்திரண்டாவது ஆள்

1902ஆம் வருஷம் டிசம்பர் 11ஆம் தேதி, வியாழக்கிழமை, காலை ஏழேகால் மணி. விடியலில் பிடித்த தூறல் விடவில்லை. பாலாற்றுப் பக்கமிருந்து ஈரக்காற்று. ஆம்பூரில் நான் கணக்கெழுதிய தோல் பதனிடும் கொட்டகையின் வாசலில் பிளேக் இன்ஸ்பெக்டர் குடையோடு வந்து நின்றார். மூக்கில் கைக்குட்டை.

“எத்தினி ஆள் வேலை செய்றாங்க?”

“நாப்பத்தோரு பேருங்க” என்றேன்.

நாற்பத்திரண்டு பேர். அன்று காலையில் மட்டும் மூன்று தடவை எண்ணியிருந்தேன். தெரிந்தே நான் தப்பாகச் சொன்ன முதல் எண்ணிக்கை அது. இப்போது எனக்கு அறுபத்தாறு வயது. தோல் நாற்றத்தில் வாய் தவறிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த நாற்றம் ஒன்பது வருஷத்தில் எனக்குப் பழகிப்போயிருந்தது.

அப்போது மைசூர்ச் சீமையில் பிளேக். அங்கிருந்து ரயிலில் வருகிறவனை இறக்கி, பிளேக் கட்டி இருக்கிறதா என்று அக்குளைத் தடவிப் பார்த்து, ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். பிளேக் பாஸ்போர்ட்டு என்று அதற்குப் பெயர். அதை வாங்கியவன் பத்து நாள் தினமும் அதிகாரியிடம் போய் முகம் காட்ட வேண்டும். பத்து நாள் கூலியை விட்டுவிட்டு முகம் காட்டிக்கொண்டிருக்க யாரால் முடியும்? அதனால் கோலார்ப் பக்கத்து ஏழைகள் ரயிலே ஏறாமல் மலை வழியாக நடந்து இறங்கிவிடுவார்கள். எங்கள் முதலாளிக்கு இப்படி வருகிறவர்கள் மேல் தனிப் பிரியம். ஊர் ஆளுக்கு நாலு அணா கூலி என்றால் சீட்டில்லாதவனுக்கு இரண்டரை அணா. அவன் பேரைப் புத்தகத்தில் ஏற்றக்கூடாது என்று எனக்கு உத்தரவு. நானும் ஏற்றவில்லை.

அப்படி வந்தவன்தான் நாற்பத்திரண்டாவது ஆள். இருபத்தைந்து வயதிருக்கும். தெலுங்குதான் பேசுவான். காய்ந்த மாட்டுத் தோல்களை வண்டியிலிருந்து கைகளில் அணைத்து இறக்கும் வேலை. முந்தின ஞாயிற்றுக்கிழமை அவனுடைய இடது முன்கையில் ஒரு கொப்புளம் கண்டது. இரண்டு நாளில் அது உடைந்து நடுவில் கன்னங்கரேலென்று காய்ந்தது.

எங்கள் கொட்டகையில் கையில் புண் இல்லாதவன் கிடையாது. சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கினால் தோல் வெந்து எரியும். எரிச்சல் நின்றால் புண் ஆறுகிறது என்று அர்த்தம், மறுபடியும் இறங்கலாம். தோலை ஊறப்போடும் கடுக்காய்த் தண்ணீரில் வேலை செய்கிறவன் கை இரும்பு பட்ட இடமெல்லாம் மை பூசினதுபோல் கறுத்திருக்கும். ஆகவே அவன் கையைப் பார்த்த மேஸ்திரிக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

“நோவுதாடா?”

“நொப்பி லேது, மேஸ்திரி.”

“நோவு இல்லியாம். கடுக்கா கறைதான். போய் வேலையப் பாரு.”

நானும் பார்த்தேன். நானும் கறை என்றே நினைத்தேன்.

புதன்கிழமை சாயந்தரம் அவனுக்குக் காய்ச்சல் அடித்தது. கை தோள் வரை வீங்கி, அக்குளில் நெறி கட்டியிருந்தது. அக்குள் என்றதும் சுற்றி நின்றவர்கள் விலகிப் போனார்கள். மேஸ்திரி என்னைத் தனியே இழுத்தான்.

“இன்ஸ்பெக்டரு பாத்தான்னா பேஜாராப் பூடும். கொட்டாய்க்குப் பூட்டு. நம்ம எல்லாரையும் கொண்டுபோய் பிளேக் ஷெட்டுல அடைச்சிடுவான். நீ ஒண்ணும் பாக்கல, இன்னா?”

வியாழக்கிழமை காலையில் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தெரிந்ததும், கழிகளில் சாக்கைக் கட்டி அவனை அதில் உருட்டித் தூக்கிக்கொண்டு போய், பதனிடாத பச்சைத்தோல் அடுக்கும் அறையில் கிடத்தினார்கள். மேலே இரண்டு தோல்களை இழுத்து மூடினார்கள்.

நான் நாற்பத்தொன்று என்று சொன்ன பிறகு இன்ஸ்பெக்டர் அந்த அறையைக் காட்டினார். “அதுல இன்னா?”

“உப்புத் தோலுங்க. புழு கொஞ்சம் ஜாஸ்தி. வாங்க, தொறந்து காட்றேன்” என்று மேஸ்திரி கதவில் கை வைத்தான்.

“வேணாம், வேணாம்” என்று அவர் இரண்டடி பின்னால் போய்க் குடையை விரித்தார்.

அவர் தெருமுனை தாண்டியதும் மேஸ்திரி சொன்னான்: “பிளேக்கப் புடிக்க வந்தவன் நாத்தத்துக்கு ஓட்றான் பாரு!” எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வெள்ளிக்கிழமையும் இன்ஸ்பெக்டர் வந்தார். அவன் அங்கேயே கிடந்தான். மேலே கிடந்த தோலிலிருந்து உப்புநீர் அவன் கழுத்தில் சொட்டியது. கையில் புதிதாக மூன்று கொப்புளங்கள். தண்ணீர்க் கலயத்தை வாசற்படியில் வைத்துக் கழியால் உள்ளே தள்ளுவார்கள், பாதி சிந்திவிடும். இரண்டு நாளில் ஒன்பது தடவை எட்டிப் பார்த்தேன். ஒரு தடவைகூட உள்ளே போகவில்லை. பத்தாவது தடவை, சனிக்கிழமை நடுப்பகலில், அவனுக்குக் கழுத்தும் வீங்கி மூச்சு இழுத்தது. நான் வண்டிக்குச் சொல்லி அனுப்பினேன்.

“இன்னா கணக்குப்பிள்ளை, உன் மச்சானா அவன்?” என்றான் மேஸ்திரி.

“இன்னும் உசிரு இருக்குதுய்யா.”

“இருந்தா இன்னா? உன் புத்தகத்துல இருக்கானா?”

சாக்கோடு அவனை வண்டியில் ஏற்றி ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

டாக்டர் அக்குளைப் பார்க்குமுன் கையைத்தான் பார்த்தார். “பிளேக்னு யார் சொன்னது? நோய் வந்து செத்த மாட்டோட தோல்ல இருந்து வர்ற கரும்புண் இது. வலிக்காது. நடுவுல கறுப்பா இருக்கும். எத்தனை நாளா?”

“ஆறு நாளுங்க.”

“ஆறு நாளா எங்க வெச்சிருந்தீங்க?”

சொன்னேன். கை கழுவிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“அந்தத் தோலுக்குள்ளயேவா?”

முதல் நாளே கொண்டுவந்திருந்தால் புண்ணை அறுத்து மருந்து வைத்து அனுப்பியிருக்கலாம் என்றார். பிறகு கத்தியை எடுத்தார். கம்பவுண்டர் பதிவுப் புத்தகத்தைத் திறந்து ஊர் கேட்டார். நான் முந்திக்கொண்டு எல்லைக்கு இந்தப் பக்கத்து ஊர் ஒன்றைச் சொன்னேன்: “கலவை.” மேஜையில் கிடந்தவன் கண்ணைத் திறந்து, “கோலார்” என்றான். அதுவரை முனகக்கூடத் திராணி இல்லாதவன் அந்த ஒரு வார்த்தையைத் தெளிவாகச் சொன்னான். கம்பவுண்டர் கோலார் என்றே எழுதிக்கொண்டார்.

பத்தொன்பது நாளில் அவன் எழுந்து உட்கார்ந்தான். உயிர் பிழைத்தது, இடது கை முழங்கையில் மடங்கி நின்றுவிட்டது. அவன் நடக்க ஆரம்பித்த அன்றே ஆஸ்பத்திரிப் புத்தகத்தில் கோலார் என்று பார்த்த ஒரு கான்ஸ்டபிள் கட்டிலருகில் காத்திருந்தார். சீட்டில்லாமல் எல்லை தாண்டியதற்கு அவனுக்குப் பதினைந்து ரூபாய் அபராதம், இல்லாவிட்டால் ஜெயில். பொய் எண்ணிக்கை சொன்னதற்கு எனக்குப் பத்து ரூபாய். நோயுள்ள தோலை வாங்கிப் போட்டவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நானாவது கேட்கலாம், அபராதத்தையாவது கட்டச் சொல்லலாம் என்று முதலாளியிடம் போனேன். பேர்ப் புத்தகத்தை என் முன்னாலேயே திருப்பிக் காட்டினார்.

“எங்கய்யா இருக்கான்? நீ எழுதின கணக்குதானே? நாப்பத்தோரு பேருதான் இருக்குது. என்கிட்ட வேலை செய்யாதவனுக்கு நான் இன்னாத்துக்குக் கொடுக்கணும்?”

எழுத்து என்னுடையதுதான்.

இரண்டு அபராதத்தையும் கட்டினேன். மடங்கின கையால் தோல் தூக்க முடியாது என்று மேஸ்திரி அவனைக் கொட்டகை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டான். அவன் ஊருக்கு ரயில் டிக்கெட் வாங்கிக் கொடுத்து வண்டியில் உட்கார வைத்தேன். திரும்பிப் போகிறவனிடம் யாரும் சீட்டுக் கேட்கவில்லை. அபராதம் இருபத்தைந்து ரூபாய், ஆஸ்பத்திரியில் பாலுக்கும் கஞ்சிக்கும் ஒன்றரை ரூபாய் என்று என் சொந்த நோட்டில் முதலில் எழுதி, தப்பு என்று அடித்து, ஒரு ரூபாய் மூன்று அணா என்று திருத்தினேன். மாட்டு வண்டிக்கு ஆறு அணா, டிக்கெட்டுக்குப் பதினோரு அணா. ஆக மொத்தம் இருபத்தேழு ரூபாய் நாலு அணா. அவனுக்கென்று நான் எழுதிய ஒரே கணக்கு இதுதான்.