பார்க்காமல் போட்ட கையெழுத்து

ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கைகளையும் வைத்து, அந்தக் கைகளின் மேல் நெற்றியைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்வார் டிரைவர் அண்ணாச்சி. பக்கத்து இருக்கையில் நான் இருப்பேன். உள்ளுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்துவிடுவேன். இருபதைத் தாண்டினால் லேசாகச் செருமுவேன். அரை நிமிடத்துக்கு மேல் அவர் ஒருநாளும் எடுத்துக்கொண்டதில்லை. ஆனாலும் ஆம்புலன்ஸ் வண்டியில் அரை நிமிடம் என்பது சின்னப் பொழுது அல்லவே. அழைப்பு வந்து வண்டியைக் கிளப்பும்போது ஒரு முறை, நோயாளியை ஏற்றிய பிறகு ஒரு முறை, அவர் ஜெபம் பண்ணாமல் வண்டி நகர்ந்ததில்லை. நான் அந்த வண்டியில் நர்ஸ். கோவில்பட்டிக்கு வெளியே, பசுவந்தனை சாலை பிரிகிற இடத்தில் எங்கள் வண்டி நிற்கும். நாலு வருடம் அவரோடு ஓடினேன்.

அவர் ஜெபித்ததில் எனக்குக் குறை இல்லை, நானும் ஜெபிக்கிறவள்தான். எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகச் சபையில் இருக்கிற குடும்பம். காலை ஐந்தரைக்கு வீட்டில் எல்லோரும் பாய் விரித்து உட்கார்ந்துவிடுவோம். ஒரு ஞானப்பாட்டு, ஒரு வேதபாகம், பிறகு ஜெபம். கணவர், நான், மகள் மூன்று பேரும் முறை வைத்து நடத்துவோம். ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவில் முன்வரிசையில் நிற்பேன். வெள்ளிக்கிழமை ஒருவேளை உபவாசம். இதெல்லாம் வீட்டிலும் கோவிலிலும் ஒழுங்காக முடித்துவிட்டு வேலைக்கு வரவேண்டிய காரியம் என்றுதான் நினைத்திருந்தேன். ஓட்டுக்கொட்டகையில் கூடுகிற ஒரு சின்ன சபைக்காரரான அண்ணாச்சி, எல்லோர் கண்ணுக்கும் முன்னால் ஸ்டியரிங்கில் தலை சாய்ப்பது கொஞ்சம் பகட்டாகக்கூட எனக்குப் பட்டதுண்டு.

வேலைக்கு வந்ததும் முதலில் நான் செய்யவேண்டியது ஒரு நோட்டில் கையெழுத்துப் போடுவது. வண்டியில் உள்ள மருந்து, கருவி ஒவ்வொன்றையும் பார்த்து 'சரி' என்று எழுதவேண்டும். ஆக்சிஜன் சிலிண்டர் இரண்டு. ஒன்று ஓட்டத்தில் இருப்பது, இன்னொன்று மாற்று. இரண்டையும் திறந்து, மேலே உள்ள முள் எங்கே நிற்கிறது என்று பார்க்கவேண்டும். முதல் வருடம் குனிந்து, திருகித் திறந்து, பார்த்துத்தான் எழுதினேன். முள் எப்போதும் நிற்கவேண்டிய இடத்திலேயே நின்றது. பிறகு எழுதிவிட்டுப் பார்க்க ஆரம்பித்தேன். அப்புறம் ஒரு கட்டத்தில் பார்ப்பது நின்றுபோய், எழுதுவது மட்டும் மிஞ்சியது. என்றைக்கு அப்படி ஆனது என்று எவ்வளவு யோசித்தாலும் எனக்கு ஞாபகம் வரவில்லை. அதுதான் இன்றைக்கும் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஐப்பசி மழை நாலு நாளாக விடாமல் பெய்திருந்தது. அன்று காலை ஜெபம் என் முறை. மனம் உருகிப் பேசிக்கொண்டே போனேன். மகள் கண்ணைத் திறந்து கடிகாரத்தைப் பார்த்தது தெரிந்தும் நிறுத்தவில்லை. அதனால் பஸ்ஸைத் தவறவிட்டேன். பத்து நிமிடம் தாமதமாக ஓடிவந்து, ராத்திரி ஷிப்ட் ஆட்கள் கிளம்பிக்கொண்டிருக்கும்போதே நோட்டை வாங்கி, வரிசையாகச் 'சரி' எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மூச்சிரைப்பு வந்த ஒரு பெரியவருக்காக அவர்கள் ராத்திரி முழுவதும் சிலிண்டரை ஓட்டியிருக்கிறார்கள். இரண்டு சிலிண்டரும் கிட்டத்தட்டத் தீர்ந்திருந்தன. நோட்டின் கடைசிப் பக்கத்தில் அதை எழுதியும் வைத்திருந்தார்கள். நான் பக்கத்தைப் புரட்டவில்லை.

பிற்பகல் அழைப்பு வந்தது. பசுவந்தனைக்கு மேற்கே ஒரு சிற்றூர். எட்டு மாதக் கர்ப்பிணிக்கு வலிப்பு. சாலையிலிருந்து ஊருக்குள் போகிற மண்பாதை மழையில் களியாகக் கிடந்தது. வண்டியை இறக்கினால் கரிசல் டயரைப் பிடித்துக்கொள்ளும். பிறகு யாருக்கும் பிரயோசனமில்லை. சாலையிலேயே நிறுத்திவிட்டு, ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு இருவரும் நடந்தோம். ஒவ்வோர் அடிக்கும் மண் செருப்போடு சேர்ந்து வந்தது. கடைசியில் செருப்பை விட்டுவிட்டோம். அந்தப் பெண்ணைத் தூக்கி வரும்போது அவளுடைய கொழுந்தனும் இன்னும் இரண்டு பேரும் தோள் கொடுத்தார்கள். வண்டிக்குள் ஏற்றி, ஊசி போட்டு, முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க்கை வைத்தேன். அண்ணாச்சி முன்னால் ஏறி உட்கார்ந்து தலையைச் சாய்த்தார்.

கூட ஏறிய கொழுந்தன் கண்ணாடி வழியாக அதைப் பார்த்துவிட்டார். "யோவ், உசுரு போயிக்கிட்டு இருக்கு, நீ என்னய்யா கண்ண மூடிக்கிட்டு உக்காந்திருக்க? எடுய்யா வண்டிய!" என்று கத்தினார்.

வண்டி கிளம்பிச் சிறிது தூரத்தில் சிலிண்டரின் சத்தம் மாறியது. முள் அடியில் கிடந்தது. மாற்றுச் சிலிண்டரைத் திறந்தேன். அதன் முள்ளும் கொஞ்சம் எழும்பிப் படுத்துக்கொண்டது. "அண்ணாச்சி, லீக் போல. வழியில ஹெல்த் சென்டர்ல நிறுத்துங்க" என்றேன். அங்கே ஒரு சிலிண்டரை இரவல் வாங்கி, பூட்டி, மறுபடி கிளம்ப ஒன்பது நிமிடம் ஆனது. "இங்கன என்னத்துக்கு நிறுத்துதீங்க?" என்று கொழுந்தன் கேட்டதற்கு, "ஒரு மருந்து வாங்கணும், இந்தா ஆயிருச்சு" என்றேன். அதுவரை அது கவனக்குறைவு. அந்த இடத்தில்தான் அது பொய்யானது.

பெரிய ஆஸ்பத்திரியில் அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். பிள்ளை உயிரில்லாமல் பிறந்தது. முன்னாலேயே போயிருக்கலாம், வழியிலும் போயிருக்கலாம், சொல்ல முடியாது என்றார் டாக்டர். அந்த வார்த்தையை நான் எத்தனையோ முறை இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்துவிட்டேன். எந்தப் பக்கமும் எனக்கு நிம்மதி தரவில்லை.

டிரைவர் ஜெபம் பண்ணிக்கொண்டு நேரத்தை வீணாக்கினார் என்று அந்தக் குடும்பத்தார் எழுதிக் கொடுத்தார்கள். விசாரணைக்கு வந்த அதிகாரி எங்கள் இருவரையும் உட்கார வைத்துக் கேட்டார். அண்ணாச்சி எழுந்து நின்றார். "ஆமா சார். கண்ண மூடி ஜெபம் பண்ணுனேன். அவிய சொல்லுதது உண்மதான்" என்றார். வழியில் நின்றது ஏன் என்று கேட்டதற்கு, சிலிண்டர் லீக் ஆகிவிட்டது என்று நான் சொன்னதையே நம்பிச் சொன்னார். அதிகாரி நோட்டைப் புரட்டினார்; அவரும் கடைசிப் பக்கம்வரை போகவில்லை. அன்றைய தேதியில் என் கையெழுத்தோடு 'சரி' இருந்தது. சிலிண்டரில்தான் கோளாறு என்று எழுதிக்கொண்டு என்னைப் பார்த்தார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். மகளின் படிப்பு, வேலை, சபையில் என் பேர் எல்லாம் கண்முன்னே வந்தன. ஆமாம் என்று தலையை ஆட்டினேன். ஜெபம் பண்ணி நேரத்தைக் கடத்தினார் என்று குறிப்பு எழுதி, அண்ணாச்சியைக் கழுகுமலைக்கு அப்பால் ஒரு வண்டிக்கு மாற்றினார்கள். கோவில்பட்டியில் படிக்கிற இரண்டு பெண்பிள்ளைகளையும் மனைவியையும் வீட்டில் விட்டுவிட்டு, தினமும் விடியுமுன் பஸ் பிடித்துப் போய் வந்தார்.

அதன்பிறகு எனக்கு ஜெபம் வரவில்லை. பாயில் உட்கார்ந்து 'ஆண்டவரே' என்பேன்; அடுத்த வார்த்தை அந்த நோட்டில் எழுதிய 'சரி'யாக வந்து நிற்கும். என் முறை வருகிற நாளில் தொண்டை கட்டியிருக்கிறது என்று கணவரிடம் சொன்னேன். பாடகர் குழுவில் வாயை மட்டும் அசைத்தேன். ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை சிலிண்டரைத் திறந்து பார்த்தேன். அது பக்தியும் இல்லை, பொறுப்பும் இல்லை, வெறும் பயம். ஐந்தரை மணிக்கு நான் பேசிய ஆண்டவர், எட்டு மணிக்கு நான் பேனாவைத் திறந்தபோதும் அங்கேதான் இருந்திருக்கிறார் என்பது, இத்தனை வருட சபை வாழ்க்கைக்குப் பிறகு, அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு விடுமுறை நாளில் கழுகுமலைக்குப் பஸ் ஏறினேன். அண்ணாச்சி வண்டிக்குப் பக்கத்தில் ஸ்ட்ரெச்சரைப் படுக்க வைத்து, மடிப்புகளுக்குள் துணியை விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். "வாங்க சிஸ்டர், பிள்ள நல்லாருக்காளா?" என்று சிரித்தார். நின்றபடியே சொன்னேன். "அன்னைக்கு லீக் இல்ல அண்ணாச்சி. நான் காலையில பாக்கவே இல்ல. பாக்காமலே சரின்னு எழுதிட்டேன்."

துணியை வாளிக்குள் போட்டார். "அப்போ இந்த ரெண்டு மாசமா நான் என்னத்துக்கு சிஸ்டர் ஒறங்காம கெடந்தேன்?" என்று கேட்டார். "அந்த அர நிமிசந்தான் பிள்ளயக் கொன்னுருச்சோ, அந்த அர நிமிசந்தான் கொன்னுருச்சோன்னு கெடந்தேன். எம் பொஞ்சாதிகிட்டகூட ஜெபம் பண்ணாதட்டின்னு சொல்லிட்டேன்."

நான் அழுதேன். அவர் தேற்றவில்லை. "போயிட்டு வாங்க. சொல்ல வேண்டிய எடத்துல சொல்லுங்க. ஒங்களுக்காக ஜெபம் பண்ணுதேன்னு இப்ப சொன்னா அது பொய்யி. நான் சொல்ல மாட்டேன்" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் அதிகாரிக்கு எழுதிக் கொடுத்தேன். ஒரு மாதம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். கடுமையாக ஓர் எச்சரிக்கையும் கொடுத்தார்கள். அண்ணாச்சியின் மேல் இருந்த குறிப்பை எடுத்துவிட்டார்கள். ஆனால் எங்கள் வண்டிக்கு வேறு ஆள் வந்துவிட்டதால் அவரைத் திருப்பி அனுப்பவில்லை. நான் உண்மையைச் சொன்னதால் அவருடைய பஸ் பயணம் குறையவில்லை. எல்லாம் சரியாகிவிடும் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்திருந்தேன் போல; அது நடக்காதபோது ஏமாற்றமாக இருந்தது. அந்த ஏமாற்றத்தைப் பார்த்து வெட்கமும் வந்தது.

ஒரு சாயங்காலம் அவரே போன் செய்தார். "அந்த வீட்டுக்குப் போனீங்களா?" என்றார். இல்லை என்றேன். "எனக்கும் அங்கன சொல்ல ஒண்ணு இருக்கு. நானும் வாரேன்" என்றார்.

மாசி வெயிலில் போனோம். அன்றைக்குக் களியாகக் கிடந்த பாதை இப்போது கால் நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடந்தது. அந்தப் பெண் வாசலில் உட்கார்ந்து சொளகில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். கொழுந்தன் ஆட்டுக்குட்டிகளைப் பட்டியில் அடைத்துக்கொண்டிருந்தவர், எங்களைக் கண்டதும் கையில் இருந்த கம்போடு வந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். மருந்து வாங்கணும் என்று சொன்னது பொய் என்பதையும் சொன்னேன். கொழுந்தன் கம்பைத் தரையில் ஓங்கி அடித்தார். "இத இப்ப வந்து சொல்லுதியே, ஒனக்கு எப்படி மனசு வந்துச்சு?" என்று கத்தினார். அண்ணாச்சி முன்னால் வந்து நின்றார். "தம்பி, நீங்க ஏசுனதுல நியாயம் இருக்கு. ஒங்க மதினி வலிப்புல கெடக்கும்போது நான் கண்ண மூடியிருக்கக் கூடாது. இப்ப வண்டி ஓட்டிக்கிட்டே, கண்ணத் தொறந்துதான் ஆண்டவர்கிட்ட கேக்கேன். அதச் சொல்லத்தான் வந்தேன்" என்றார்.

அந்தப் பெண் சொளகைக் கீழே வைத்தாள். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இப்ப பாக்குதீங்களா?" என்று கேட்டாள்.

"பாக்குதேன்."

"தெனமுமா?"

"தெனமும் பாக்குதேன், தாயி."

"அடுத்து ஒருத்தி வருவால்லா. அவளுக்குப் பாத்து வைங்க" என்றாள். பிறகு சொளகை எடுத்து மறுபடியும் புடைக்க ஆரம்பித்துவிட்டாள். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. தண்ணீர் வேண்டுமா என்றும் கேட்கவில்லை. நாங்கள் சாலை வரைக்கும் நடந்து வந்து, நிழலில்லாத இடத்தில் பஸ்ஸுக்கு நின்றோம்.

சித்திரை முடிவில் அண்ணாச்சி ஒரு காலை போன் செய்தார். "இன்னைக்கு ஜெபத்துல ஒங்க பேரச் சொல்ல முடிஞ்சுது சிஸ்டர்" என்றார். உடனே வைத்துவிட்டார்.

இப்போதும் அதே வண்டியில்தான் ஓடுகிறேன். என் முறை வருகிற நாளில் வீட்டு ஜெபம் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. "என்னம்மா அதுக்குள்ள ஆமென் சொல்லிட்ட?" என்று மகள் கேலி செய்கிறாள். மிச்சத்தை நான் வேலைக்கு எடுத்துப் போகிறேன் என்று அவளிடம் சொல்லத் தெரியவில்லை. பயம் போய்விட்டது என்று எழுதினால் அது இன்னொரு பொய் ஆகிவிடும். மழைக்கால மேகம் கறுத்தால் இன்றும் எனக்குச் சோறு இறங்குவதில்லை. அடுத்து வரப்போகிறவள் எந்த ஊர்க்காரி என்று தெரியாது. இந்நேரம் எப்போதும்வென்றான் ஊர்ப் பக்கம் ஏதோ ஒரு காட்டில் அவள் களை எடுத்துக்கொண்டிருக்கலாம். அவளுக்காகக் கண்ணை மூடி ஒரு வார்த்தை கேட்கிறேன். பிறகு எழுந்து போய்ச் சிலிண்டர் முள்ளைப் பார்க்கிறேன்.