மியூசியம் பார்த்த குழவி

தில்லியில் எங்கள் குடிசையை இடித்த அன்று நான் ஒரு புலியின் மீசையை எண்ணிக்கொண்டிருந்தேன். இடிக்கப்போவது சந்து முழுக்கத் தெரியும்; எனக்கு மட்டும்தான் யாரும் சொல்லவில்லை. அதற்கு முன்பு வேறொரு இடத்தில் இடித்தபோது அம்மா புல்டோசருக்கு முன்னால் போய்ப் படுத்து, தோளில் லத்தியடி வாங்கியிருந்தாள். அதனால் இந்தத் தடவை அப்பா முந்திக்கொண்டு, என் காதில் விழாமல் அம்மாவிடம் சொல்லியிருந்தார்.

"தகரத்த நான் பிரிச்சுக்கறேன். நீ புள்ளையக் கூட்டிக்கிட்டு எங்கியாச்சும் போ. ஜல்தி."

அம்மா பாத்திரம் துலக்கும் வீட்டில் ஒரு மியூசியத்தைப் பற்றிச் சொல்லியிருந்தார்கள். செத்த மிருகங்களை உயிரோடு இருப்பதுபோல நிறுத்தி வைத்திருப்பார்களாம். உள்ளே போகக் காசு வேண்டாம், ஏசியும் உண்டு. தில்லி மே மாதத்துக்கு வேறென்ன வேண்டும்? கிளம்பும்போது அம்மா, ஊரிலிருந்து ரயிலில் வந்த அம்மியின் குழவியை எடுத்துத் துணிப்பையில் போட்டுக்கொண்டாள். அம்மியை அவளால் தூக்க முடியாது. எதற்கு என்று கேட்டேன்.

"வாய மூடிக்கிட்டு நட."

வாசலில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கூட்டம். அந்த நெரிசலில் எங்கள் பையை யாரும் பார்க்கவில்லை. வழவழவென்ற தரையைக் கண்டதும் அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். எனக்கோ புலியை விட்டு நகர மனம் வரவில்லை.

"இதுக்கு வயித்துல என்னம்மா இருக்கும்?"

"பஞ்சு."

"யாரு அடைச்சா?"

"ஒங்கப்பன்."

பிள்ளைகள் தொட்டுப் பார்ப்பதற்கென்றே ஓர் அறை இருந்தது. ஆமை ஓடு, மான் கொம்பு, யானையின் கடைவாய்ப்பல். அதுவரை எதையும் தொடாத அம்மா, செருப்பைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பல்லின் வரிகளைத் தடவினாள்.

"புதுசாக் கொத்துன அம்மி மாதிரியே இருக்குடி."

அன்று அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான். பூட்டும் நேரம்வரை அங்கேயே இருந்தோம். நான் திரும்பத் திரும்பப் புலியிடம் போனேன். அவள் ஒரு தடவைகூட அதட்டவில்லை.

வெளியே வரும்போது காவலாளி பையை அமுக்கிப் பார்த்தார். தேய்ந்து மழுங்கிய நீளமான கல். அவர் முகம் மாறியது.

"அந்தர் ஸே உட்டாயா?"

உள்ளேயிருந்து எடுத்ததா என்கிறார். அம்மா பையை இரண்டு கைகளாலும் இறுக்கிக்கொண்டாள்.

"மேரா ஹை, பையா. மேரா."

அம்மாவுடையதுதான், சட்னி அரைக்கிற கல் என்று நான் இந்தியில் விளக்கினேன். சட்னிக் கல்லை மியூசியத்துக்கு யாராவது தூக்கி வருவார்களா என்று அவர் கேட்டார். அதற்கு மேல் அம்மாவுக்கு இந்தி வரவில்லை.

"வீட்ல வைக்க எடமில்லன்னு சொல்லுடி."

சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, போகச் சொல்லிக் கையை ஆட்டினார். நானும் கூடச் சிரித்தேன்.

பேருந்துக்காக நின்றபோது எனக்கு ஒரே யோசனை. அடுப்புக்குப் பக்கத்தில், அம்மியின் மேல், அதற்குத்தான் இடம் இருக்கிறதே. அம்மா ஏன் பொய் சொன்னாள்?