கல்யாண ரூமைக் கேன்சல் செய்தது யாருங்க?

போன வாரம் ஏற்காட்டில் ஒரு கருத்தரங்கு. ஏஐ-யை நம்பிக்கைக்கு உரிய வகையில் பயன்படுத்த உலக நாடுகள் வகுத்திருக்கும் கொள்கைகளைத் தமிழாக்கும் குழு. அதில் நானும் ஒருத்தி! ஏஐ பற்றி எனக்கு என்ன தெரியும்? தமிழ் தெரியும்... போதுமாம்.

காலை முழுக்க ஒரே சண்டை. 'அக்கவுன்டபிலிட்டி' என்றால் பொறுப்பா, பொறுப்புக்கூறலா?

முடிவுக்கு வராமல் சாப்பிடக் கிளம்பினால், கருத்தரங்கு நடந்த லாட்ஜின் ரிசப்ஷனில் கூச்சல். கத்தியது பக்கத்து ஊரான நாகலூர் ஸ்டெல்லா அக்கா. மறுநாள் சர்ச்சில் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டாருக்கு அவர் புக் செய்திருந்த ரூம்களை லாட்ஜின் புது ஏஐ சாஃப்ட்வேர் கேன்சல் செய்துவிட்டது. காரணம்? கல்யாணக் கூட்டம் சத்தம் போடுமாம்!

"ஏனுங்க, மாப்ள ஊட்டுக்காரங்க பஸ்ஸுல மலை ஏறிட்டிருக்காங்க. எங்கீங்க ரூமு?"

மேனேஜர் நெளிந்தார். "நான் ஒண்ணும் பண்ணலீங்க... ஏஐ பண்ணிருச்சுங்க."

"அப்ப அதைக் கூப்புடுங்க. நா பேசிக்கறேன்!"

அந்த ரூம்களில் யார் இருக்கிறார்கள்? நாங்கள்தான். ஏஐ கணக்கில் சத்தம் போடாத அறிஞர்கள் — காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்தவர்கள்!

எங்கள் தலைவர், பேராசிரியர், தொண்டையைச் செருமினார். "அம்மா, ரூமை நீங்க எடுத்துக்குங்க. நாங்க மீட்டிங் ஹால்லயே படுத்துக்கறோம்."

அப்புறம் பார்க்க வேண்டுமே! பெட்டியும் பையுமாக மாடிப்படியில் ஓட்டம். எனக்குச் சிரிப்பில் மூச்சு வாங்கியது. கடைசிப் பெட்டி இறங்கும்போது வாசலில் பஸ் ஹாரன். மாப்பிள்ளையின் மாமா இறங்கிய வேகத்தில் பேராசிரியரிடம் ஒரு டிரங்குப் பெட்டியைக் கொடுத்து, "மேல கொண்டு போப்பா" என்றார். அவரும் கொண்டு போனார்!

மேனேஜர் சும்மா இருக்கவில்லை. ஹாலுக்கு மெத்தை வரவழைத்தார். ஸ்டெல்லா அக்காவிடம் போய் நின்றார். "தப்பு என்னுதுங்க. நான் பார்த்திருக்கோணும். இனி என்னைக் கேக்காம அது எதையும் கேன்சல் பண்ணாதுங்க."

பேராசிரியர் என் காதில் கிசுகிசுத்தார். "பொறுப்புன்னே எழுதிக்கம்மா."

மறுநாள் கல்யாண பேண்ட் காது கிழிய வாசித்தது. எங்கள் குழு மொத்தமும் ஆடியது. பிரியாணி இன்னும் நாக்கிலேயே இருக்கிறது.

கிளம்பும்போது ஸ்டெல்லா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நொம்ப சந்தோசங்க. உங்க மீட்டிங்கு மறுக்கா எப்பங்க? சின்னவளுக்கும் மாப்ள பாத்துட்டிருக்கோம்!"